ரட்கர்ஸ், 1869: அன்றைக்கு ஆடியது ஃபுட்பால்தானா?

வாசகர் கேள்வி, செப்டம்பர் 28

ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் "கல்லூரி ஃபுட்பால் பிறந்த இடம்" என்று எங்கே பார்த்தாலும் போட்டுக்கொள்கிறார்கள். 1869இல் அங்கே நடந்த ஆட்டத்தில் பந்தைக் கையில் எடுத்து ஓடவே கூடாதாம். டச் டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது) கிடையாது, பந்தை எறியும் பாஸ் கிடையாது, பக்கத்துக்கு இருபத்தைந்து பேர். இது சாக்கர்தானே, அதாவது நம் ஊர்க் கால்பந்து? சாக்கர் ஆடிவிட்டு அமெரிக்க ஃபுட்பாலுக்குப் பிறந்தநாள் கொண்டாடுவது என்ன நியாயம்? அங்கே படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

செப்டம்பர் 28, இரவு

அங்கே படித்தவன் நான். முதலில் அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், சண்டையைப் பிறகு வைத்துக்கொள்வோம்.

1869 நவம்பர் 6, சனிக்கிழமை. பிரின்ஸ்டன் மாணவர்கள் காலையில் ரயிலேறி, நியூ ஜெர்சி மாநிலத்தில் ரட்கர்ஸ் இருக்கும் ஊரான நியூ பிரன்ஸ்விக் வந்து இறங்குகிறார்கள். (அப்போது அந்தக் கல்லூரியின் பெயர் காலேஜ் ஆஃப் நியூ ஜெர்சி. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் என்ற பெயர் 1896இல்தான் வந்தது. வசதிக்காக பிரின்ஸ்டன் என்றே எழுதுகிறேன்.) மதியம் மூன்று மணிக்கு காலேஜ் அவென்யூ ஓரத்தில் இருந்த திடலில் ஆட்டம். திடல் 360 அடிக்கு 225 அடி. சீருடை என்று ஒன்று இல்லை. கோட்டு, தொப்பி எல்லாவற்றையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு இறங்கினார்கள். ரட்கர்ஸ் பையன்கள் சிலர் அடையாளத்துக்குத் தலையில் சிவப்புத் துணியை முண்டாசாகக் கட்டிக்கொண்டார்கள். பார்க்க வந்தவர்கள் நூறு பேர் சொச்சம். பலர் மரவேலி மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

ரட்கர்ஸ் கேப்டன் வில்லியம் லெகட். பிரின்ஸ்டன் கேப்டன் வில்லியம் கம்மியர். முன்னவர் பிற்பாடு பாதிரியார் ஆனார், பின்னவர் நியூ ஜெர்சியின் தலைமை நீதிபதி.

பந்தை உதைக்கலாம், கையால் தட்டலாம், தலையால் முட்டலாம். எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது, எறியவும் கூடாது. 1863இல் லண்டனில் ஃபுட்பால் சங்கம் போட்ட சாக்கர் விதிகளை ஒட்டியது. ஒவ்வொரு கோலுக்கும் ஒரு "கேம்" என்று பெயர். பத்து கேமில் ரட்கர்ஸ் 6, பிரின்ஸ்டன் 4.

செப்டம்பர் 29

இருபத்தைந்து பேர் என்றதும் ஏதோ திருவிழாக் கூட்டம் முட்டிக்கொண்டது போல நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அன்று ஆடிய ஜான் ஹெர்பர்ட் அறுபது வருடத்துக்கு மேல் கழித்து, 1933இல், எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வோர் அணியிலும் இரண்டு பேர் எதிரணியின் கோல் பக்கத்திலேயே காத்துக் கிடப்பார்கள், காவல் அசந்தால் உள்ளே தள்ளிவிட. பதினொரு பேர் தங்கள் பாதியில் நின்று காப்பார்கள். மிச்சம் பன்னிரண்டு பேர் பந்து போகிற இடமெல்லாம் போக வேண்டும். இந்தப் பன்னிரண்டு பேருக்கு "புல்டாக்" என்று பெயர்.

அதாவது முதல் ஆட்டத்திலேயே ஆளுக்கொரு வேலை பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். இதை நான் ரொம்ப முக்கியமாகப் பார்க்கிறேன். பிரின்ஸ்டன் ஆட்கள் உருவத்தில் பெரியவர்கள், பலசாலிகள். ரட்கர்ஸ் பையன்கள் பந்தை உயரே விடாமல் தரையோடு வைத்து ஓட்டினார்கள். டார்கம் என்ற ரட்கர்ஸ் மாணவர் பத்திரிகை அந்த மாதமே செய்தி போட்டது. பிரின்ஸ்டனுக்கு உடல்பலம் அதிகம், ஒழுங்கு போதவில்லை, நம்முடைய வெற்றிக்குக் காரணம் கேப்டன் லெகட் ஆட்களை நிறுத்திய விதம், இதுதான் அதன் சாரம்.

செப்டம்பர் 29, கொஞ்ச நேரம் கழித்து

டார்கம் செய்தியில் எனக்கு மிகவும் பிடித்த இடத்தைச் சொல்லாமல் தூக்கம் வராது. ஏழாவது கேம் நமக்கு வந்திருக்கும், நம் ஆட்டக்காரர் ஒருவர் ஆர்வமிகுதியில் எந்தப் பக்கம் உதைக்கிறோம் என்பதை மறந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறார்கள். பெயர் போடவில்லை. அதற்குப் பிறகு ஆடிய ஆட்டத்தில் அந்தத் தவறை முழுக்க ஈடுகட்டிவிட்டார் என்று கூடவே சேர்த்துவிட்டார்கள். கல்லூரி ஃபுட்பாலின் முதல் ஆட்டத்திலேயே சேம் சைட் கோல்! எழுதியவன் நல்ல நண்பனாக இருந்திருக்க வேண்டும்.

எட்டு கேம் முடிந்தபோது 4-4. கடைசி இரண்டையும் ரட்கர்ஸ் அடித்தது.

அக்டோபர் 1

இப்போது கேள்விக்கு வருகிறேன். "அது சாக்கர்தானே?"

ஆமாம், ஏறக்குறைய. அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் கேள்வி கேட்டவர் முதல் ஆட்டத்தோடு நிறுத்திவிட்டார். ஒரு வாரம் கழித்து நவம்பர் 13ஆம் தேதி பிரின்ஸ்டனில் மறு ஆட்டம். அங்கே பிரின்ஸ்டன் விதி. பந்து காற்றில் வரும்போதோ ஒரு தடவை தரையில் பட்டு எழும்பும்போதோ பிடித்துவிட்டால், யாரும் குறுக்கே வராமல் நின்று உதைக்கலாம். ரட்கர்ஸுக்கு அது பழக்கமில்லை. 8-0 என்று பிரின்ஸ்டன் துவைத்து அனுப்பியது.

நம் ஊரில் பக்கத்துத் தெருக்காரர்களோடு பெட் மேட்ச் ஆடியவர்களுக்கு இது உடனே புரியும். அவர்கள் தெருவில் ஆடினால் ஒன் பிச் கேட்ச் அவுட், நம் தெருவில் ஆடினால் கிடையாது. கிணற்றடி வீட்டு மாடிக்குப் போனால் சிக்ஸா அவுட்டா என்பதை டாஸ் போடுவதற்கு முன்னால் பேசித் தீர்க்க வேண்டும். பந்தையும் மட்டையையும் கொண்டுவந்தால் மட்டும் போதாது, இந்தப் பேச்சுவார்த்தை முடிந்தால்தான் மேட்ச்.

1869இல் புதிதாக நடந்தது அந்தப் பேச்சுவார்த்தைதான். அதற்கு முன் ஹார்வர்டில், யேலில், பிரின்ஸ்டனில் எல்லாம் பந்து உதைத்திருக்கிறார்கள். ஒரே கல்லூரிக்குள், இந்த வகுப்புக்கும் அந்த வகுப்புக்கும். ஹார்வர்டில் அது அடிதடியாகிப் போய் 1860இல் நிர்வாகம் தடை செய்தது. மாணவர்கள் ஒரு பந்தைப் பெட்டியில் வைத்து, ஊர்வலமாகக் கொண்டுபோய்ப் புதைத்து, இரங்கல் உரை வாசித்தார்கள். அவ்வளவு பிரியம் இருந்தும் வேறு கல்லூரியோடு ஆடும் யோசனை வரவில்லை. ஒரு கல்லூரி இன்னொரு கல்லூரிக்கு ஓலை அனுப்பி, உங்கள் விதியில் ஒன்று, எங்கள் விதியில் ஒன்று என்று பேசி, கேப்டன் வைத்து, தேதி குறித்து ஆடியது ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும்தான். பின்னால் வந்த ஒவ்வொரு விதி மாற்றமும் இதே மாதிரிப் பேரத்தில்தான் பிறந்தது. அதனால் பிறந்த இடம் என்ற பட்டம் நியூ பிரன்ஸ்விக்குக்குத் தகும் என்பது என் கட்சி.

அக்டோபர் 1, இரவு

மூன்றாவது ஆட்டம் என்ன ஆயிற்று என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நடக்கவில்லை. படிப்பு கெடுகிறது என்று ஆசிரியர்கள் நிறுத்திவிட்டார்கள் என்பது ஒரு கதை. விதி பற்றி ஒத்துவரவில்லை என்பது இன்னொன்று. ஆக, முதல் சீசன் 1-1.

அன்று ரட்கர்ஸ் திடல் வழியாக சைக்கிளில் போன பேராசிரியர் ஒருவர் குடையை ஆட்டி, "உங்களுக்கெல்லாம் நல்ல கிறிஸ்தவ முடிவு வராது" என்று கத்தினாராம். வழிவழியாகச் சொல்லப்படும் கதை. நடந்ததோ இல்லையோ, 1869இல் ஏது சைக்கிள் என்று இதைத் தள்ளுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்சக்கரத்திலேயே பெடல் வைத்த வெலாசிபீட் வண்டி மோகம் அமெரிக்காவில் தலைக்கேறியிருந்த வருடமே அதுதான். கதையில் சைக்கிள் பகுதி பொருந்துகிறது.

அக்டோபர் 4

பாஸ்டனிலிருந்து ஒரு நண்பர் காரமாக எழுதியிருக்கிறார்: "நிஜமான ஆரம்பம் 1874இல் ஹார்வர்ட் – மெக்கில். ரட்கர்ஸ் வெறும் விளம்பரம்." பாதி சரி. அந்தப் பாதியை முழுசாகச் சொல்கிறேன்.

1873 அக்டோபரில் நியூயார்க்கில் ஃபிஃப்த் அவென்யூ ஹோட்டலில் யேல், கொலம்பியா, பிரின்ஸ்டன், ரட்கர்ஸ் நான்கும் உட்கார்ந்து பொது விதி எழுதின. காலால் ஆடும் ஆட்டம்தான். ஹார்வர்டையும் கூப்பிட்டார்கள். ஹார்வர்ட் வர மறுத்துவிட்டது. காரணம், அங்கே பாஸ்டன் ஆட்டம் என்று ஒன்று ஆடிக்கொண்டிருந்தார்கள். அதில் பந்தைக் கையில் எடுக்கலாம், துரத்தினால் ஓடலாம். அதை விட்டுக்கொடுக்க மனமில்லை.

வர மறுத்ததால் ஹார்வர்டுக்கு ஆடுவதற்கு ஆளில்லாமல் போயிற்று. அந்தச் சமயத்தில் கனடாவின் மான்ட்ரியலிலிருந்து மெக்கில் பல்கலைக்கழகம் ஆட வருகிறேன் என்றது. 1874 மே 14ஆம் தேதி, ஹார்வர்ட் இருக்கும் கேம்பிரிட்ஜில் ஜார்விஸ் திடலில் ஹார்வர்ட் விதியில் ஆடினார்கள். ஹார்வர்ட் 3-0. மறுநாள் மெக்கில் கொண்டுவந்த ரக்பி விதி. நீள்வட்டப் பந்து, எடுத்து ஓடலாம், பிடித்துச் சாய்க்கலாம். 0-0. கோலே விழாத அந்த இரண்டாவது ஆட்டத்தைத்தான் ஹார்வர்ட் பையன்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அக்டோபரில் மான்ட்ரியலுக்கே போய் ரக்பி விதியில் ஜெயித்து வந்தார்கள்.

டிக்கெட் ஐம்பது சென்ட் வைத்து, வசூலான காசை மெக்கில் விருந்தாளிகளை உபசரிக்கச் செலவழித்தார்கள். கல்லூரி ஃபுட்பாலில் இன்று புரளும் பணத்தைப் பார்ப்பவர்கள் அந்த ஐம்பது சென்ட்டையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே பாஸ்டன் நண்பரே, இன்றைய ஆட்டத்தின் உடம்பு மெக்கில் வழியாக வந்த ரக்பி உடம்பு. மறுக்கவில்லை. ஆனால் முதல் நாள் உங்கள் விதி, மறுநாள் எங்கள் விதி என்று ஆடினார்களே, அந்த ஏற்பாடு நாலரை வருடத்துக்கு முன் நியூ பிரன்ஸ்விக்கிலும் பிரின்ஸ்டனிலும் நடந்ததன் அச்சு அசல்.

அக்டோபர் 4, பின்குறிப்பு

மெக்கில் பதினைந்து பேர் வரவேண்டியது, பதினொரு பேர்தான் வர முடிந்தது. அதனால்தான் இன்றைக்கும் பதினொன்று என்று சிலர் எழுதுகிறார்கள். அது நேராகப் பொருந்தாது. 1876க்குப் பிறகு பல வருடம் பதினைந்து பேர்தான் ஆடினார்கள். பதினொன்று என்று விதியானது 1880இல். அதற்காக விடாமல் வாதாடியது யேல். யேலுக்கு அந்த ருசி 1873இல் இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளி முன்னாள் மாணவர்களோடு ஆடிய பதினொரு பேர் ஆட்டத்திலேயே வந்துவிட்டது.

அக்டோபர் 7

சொந்தக் கதை கொஞ்சம்.

நான் ரட்கர்ஸில் சேர்ந்தபோது ஃபுட்பால் என்றால் என்ன என்றே தெரியாது. எங்கள் வகுப்புகள் ராரிட்டன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பிஸ்காடவேயில். ஸ்டேடியமும் அங்கேதான். சனிக்கிழமை காலையில் லேபுக்குப் போகலாம் என்று கிளம்பினால் வழியெல்லாம் சிவப்புச் சட்டை, கார் டிக்கியைத் திறந்து வைத்து அடுப்பு மூட்டிக் கறி சுட்டுக்கொண்டிருப்பார்கள். என்னோடு தங்கியிருந்த கோயம்புத்தூர்ப் பையனும் நானும் மாணவர் டிக்கெட்டில் உள்ளே போனோம். ஐந்து வினாடி ஓடுகிறார்கள், அரை நிமிடம் நிற்கிறார்கள். எதற்கு நிற்கிறார்கள், எதற்குக் கத்துகிறார்கள், ஒன்றும் விளங்கவில்லை. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் திரும்பி, விரலை மடக்கி மடக்கி, நான்கு தடவை முயற்சி, பத்து கெஜம் போக வேண்டும், போனால் மறுபடி நான்கு என்று சொல்லிக் கொடுத்தார். அந்தக் கணக்கு புரிந்த நிமிடத்திலிருந்து ஆட்டம் வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. நிற்கிற அரை நிமிடத்தில்தான் ஆட்டமே இருக்கிறது, அடுத்து என்ன செய்யப் போகிறார்கள் என்று இரண்டு பக்கமும் மண்டையை உடைத்துக்கொள்ளும் நேரம் அது.

1869இல் இந்த நிற்கும் நேரம் கிடையாது. அது எப்படி உள்ளே வந்தது என்பதைத் தனியாக எழுதுகிறேன், அது பெரிய கதை.

அக்டோபர் 7, தொடர்ச்சி

பழைய திடல் இருந்த இடத்தில் இப்போது காலேஜ் அவென்யூ ஜிம்னேசியம் நிற்கிறது. நான் படித்த காலத்தில் தினமும் அதைத் தாண்டித்தான் பஸ் பிடிப்பேன். பேட்மின்டன் ஆடப் போனதும் அங்கேதான். இன்ன இடம் என்று தெரியாமலே.

அந்த ஊரில் என்னை ஃபுட்பாலைவிட அதிகம் பாதித்த 1869 கதை ஒன்று உண்டு. ஜப்பானிலிருந்து குசகாபே தாரோ என்ற இளைஞர் ரட்கர்ஸில் படித்துக்கொண்டிருந்தார். ஃபுகுய் பகுதிக்காரர், சாமுராய் குடும்பம். கணிதத்தில் கெட்டி. 1870 வசந்தத்தில், பட்டம் வாங்கச் சில வாரங்களே இருக்கும்போது, காசநோயில் இறந்துபோனார். பட்டத்தைப் பிறகு கொடுத்தார்கள். நியூ பிரன்ஸ்விக்கில் வில்லோ குரோவ் கல்லறைத் தோட்டத்தில் அவர் கல்லறை இருக்கிறது. அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த வில்லியம் கிரிஃபிஸ் 1869இல் ரட்கர்ஸில் பட்டம் பெற்றவர். பிறகு ஃபுகுய்க்கே ஆசிரியராகப் போனார். லெகட்டும் மற்றவர்களும் பந்து உதைத்த அந்த இலையுதிர் காலத்தில் குசகாபேயும் அதே சிறிய கல்லூரியில்தான் இருந்தார். தூரதேசத்திலிருந்து போய்ப் படித்த எல்லோருக்கும் அந்தக் கல்லறை முன்னால் நின்றால் மனசு என்னவோ செய்யும். இழையிலிருந்து விலகிவிட்டேன். பரவாயில்லை, அவர் பெயரும் இங்கே இருக்கட்டும்.

அக்டோபர் 9

"ரட்கர்ஸுக்கும் பிரின்ஸ்டனுக்கும் ஏன் அப்படி வீம்பு?" என்ற கேள்விக்கு:

இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர். ரயிலில் ஒரு மணி நேரம்கூட இல்லை. 1866இல் பேஸ்பாலில் பிரின்ஸ்டன் ரட்கர்ஸை 40-2 என்று அடித்திருந்தது. நாற்பதுக்கு இரண்டு! அந்தக் கணக்கைத் தீர்க்க ஒரு வழி வேண்டும் அல்லவா?

அப்புறம் பீரங்கி. சுதந்திரப் போர்க் காலத்துப் பீரங்கிகள் பிரின்ஸ்டன் வளாகத்தில் இருந்தன. அதில் ஒன்று எங்களுடையது என்று ரட்கர்ஸ்காரர்கள் நம்பினார்கள். 1875இல் ஒரு ராத்திரி ரட்கர்ஸ் மாணவர்கள் வண்டி கட்டிக்கொண்டு போய் ஒரு பீரங்கியைப் பெயர்த்து எடுத்து வந்துவிட்டார்கள். பெரிய பீரங்கி மண்ணில் தலைகீழாகப் புதைந்து கிடந்ததால் அசைக்க முடியவில்லை, சின்னதுதான் கிடைத்தது. பதிலுக்கு பிரின்ஸ்டன் பையன்கள் வந்து துப்பாக்கிகளை அள்ளிக்கொண்டு போனார்கள். கடைசியில் இரண்டு கல்லூரித் தலைவர்களும் கடிதம் எழுதிக்கொண்டு, குழு போட்டு, பீரங்கி பிரின்ஸ்டனுக்கே திரும்பிப் போனது. இன்றும் ரட்கர்ஸ் ஸ்டேடியத்தில் நம் அணி புள்ளி எடுத்தால் பீரங்கி வெடிப்பார்கள். முதல் தடவை அந்தச் சத்தத்துக்கு என் நண்பன் கையிலிருந்த கோக் முன்வரிசைப் பெரியவர் முதுகில்.

அக்டோபர் 13

நிற்கும் நேரம் எப்படி வந்தது. சொன்னபடி எழுதுகிறேன்.

ஹார்வர்ட் ரக்பியைப் பிடித்துக்கொண்டதும் யேலை இழுத்தது. 1875 நவம்பர் 13, யேல் இருக்கும் நியூ ஹேவனில் ஹார்வர்ட் – யேல் முதல் ஆட்டம். இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்து எழுதிய கலப்பு விதி. ஹார்வர்ட் 4-0. அதைப் பார்க்க வந்த பிரின்ஸ்டன் மாணவர்கள் இரண்டு பேர் ஊருக்குத் திரும்பி இனி நாமும் இதைத்தான் ஆட வேண்டும் என்று சொன்னார்கள். 1876 நவம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் மசாசோயிட் ஹவுஸ் என்ற ஹோட்டலில் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா கூடி ரக்பியை ஒட்டிய பொது விதி எழுதின.

ரட்கர்ஸ் அந்த மேஜையில் இல்லை. ஏழு வருடத்துக்கு முன் முதல் ஆட்டத்தை நடத்திய கல்லூரி, ஆட்டத்தின் தலையெழுத்து முடிவான அறையில் இல்லை. இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

அங்கிருந்து கதையை எடுத்துப் போனவர் யேலின் வால்டர் கேம்ப். ரக்பியில் பந்தைச் சுற்றி இரண்டு கூட்டமும் முட்டிக்கொண்டு நிற்கும், பந்து யார் பக்கம் வரும் என்று யாருக்கும் தெரியாது. 1880இல் கேம்ப் சொன்ன திருத்தத்தால், பந்து ஒரு அணியின் கையில் உறுதியாக இருக்கும், காலால் பின்னால் தள்ளி ஆட்டத்தைத் தொடங்கலாம் என்று ஆனது. நல்ல யோசனை. ஆனால் அதில் ஓட்டை இருந்தது. பந்தை விட்டே ஆக வேண்டும் என்று விதியில் எங்கும் எழுதவில்லை. 1881இல் யேலும் பிரின்ஸ்டனும் ஆடியபோது ஆளுக்கொரு பாதி பந்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். 0-0. பார்க்க வந்தவர்களுக்குக் கொட்டாவி.

அதனால் 1882இல் புது விதி. மூன்று முயற்சிக்குள் ஐந்து கெஜம் முன்னேற வேண்டும், முடியாவிட்டால் பந்தைக் கொடுத்துவிட வேண்டும். ஐந்து கெஜத்தை அளக்க மைதானம் முழுக்கக் குறுக்கே சுண்ணாம்புக் கோடு போட்டார்கள். பெரியவர் எனக்கு விரல் மடக்கிக் காட்டினாரே, அந்தக் கணக்கின் பிறப்பு இது. 1906இல் பத்து கெஜம் ஆனது, 1912இல் நான்கு முயற்சி ஆனது.

இரண்டு அணி ஆடுகிறது, ஒன்று இன்னொன்றுக்குச் சலிப்பூட்டுகிறது, பார்ப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள், மறுபடி உட்கார்ந்து பேசுகிறார்கள். அக்டோபர் 1ஆம் தேதி எழுதியதை இங்கே பொருத்திப் பாருங்கள்.

அக்டோபர் 14

பாஸ்டன் நண்பர் மறுபடி வந்திருக்கிறார்: "பேரம் பேசியதால் பிறந்த இடம் என்றால், பேரத்துக்கு வராத ஹார்வர்டால்தானே ஆட்டம் மாறியது?"

நல்ல அடி. யோசித்துப் பார்த்தேன். 1873இல் ஹார்வர்ட் அந்த ஹோட்டலுக்கு வந்து கையெழுத்துப் போட்டிருந்தால் அமெரிக்கக் கல்லூரிகள் இன்றைக்கு சாக்கர் ஆடிக்கொண்டிருக்க வாய்ப்பு நிறைய. வர மாட்டேன் என்பதும் பேரத்தில் ஒரு வகைதான் என்று சொல்லிச் சமாளிக்கலாம், எனக்கே அது முழுத் திருப்தி தரவில்லை. இப்படிப் பிரித்துக்கொள்ளலாமா: கல்லூரிக்குக் கல்லூரி ஆடும் வழக்கத்துக்கு நியூ பிரன்ஸ்விக், இன்றைய ஆட்ட வடிவத்துக்கு கேம்பிரிட்ஜ். வடிவத்தின் பாகப்பிரிவினையில் மான்ட்ரியலுக்கும் ஒரு பங்கு எழுத வேண்டும், கனடா நண்பர்கள் விட மாட்டார்கள்.

ஆனால் "வெறும் விளம்பரம்" என்ற சொல்லை மட்டும் அவர் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

அக்டோபர் 15

1870 நவம்பரில் கொலம்பியாவும் சேர்ந்தது. ரட்கர்ஸ் 6-3. மூன்றாவது கல்லூரி வந்துவிட்டது என்பது சின்ன விஷயமில்லை. 1872இல் யேல் கொலம்பியாவோடு ஆடியது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி விரிந்த கதை இதுதான்.

அக்டோபர் 15, இரவு

அந்த முதல் வெற்றிக்குப் பிறகு ரட்கர்ஸ் மறுபடி பிரின்ஸ்டனை எப்போது ஜெயித்தது தெரியுமா? 1938 நவம்பர் 5. புது ஸ்டேடியம் திறந்த வருடம், 20-18. அறுபத்தொன்பது வருடம்! 1969இல் நூற்றாண்டு ஆட்டத்தில் 29-0 என்று ஜெயித்தது. 1980க்குப் பிறகு இரண்டும் மோதவே இல்லை. மொத்தக் கணக்கில் பிரின்ஸ்டன் 53, ரட்கர்ஸ் 17, ஒன்று சமன்.

அக்டோபர் 18

இழை 1869இல் ஆரம்பித்தது என்றாலும் பால் ராப்சனைச் சொல்லாமல் ரட்கர்ஸ் ஃபுட்பாலைப் பற்றி எழுத என்னால் முடியாது. பாடகராகவும் போராளியாகவும் அவரை நம்மவர்களில் பலருக்குத் தெரியும். ஃபுட்பால் ஆடியவர் என்று தெரிந்தவர்கள் குறைவு.

1915இல் உதவித்தொகை வாங்கிக்கொண்டு ரட்கர்ஸில் சேர்ந்தார். அந்தக் கல்லூரியின் மூன்றாவது கறுப்பின மாணவர். அணியில் சேரப் போன முதல் நாள் சொந்தக் கல்லூரி ஆட்களே ஒன்றுசேர்ந்து அடித்து அவர் மூக்கை உடைத்தார்கள். பத்து நாள் படுக்கை. திரும்பிப் போனபோது ஒருவன் ஆணி வைத்த பூட்ஸால் அவர் கையை மிதித்து நகங்களைப் பெயர்த்தான். அவரே சொன்னது. அதற்கு மேலும் ஆடினார். 1916இல் வாஷிங்டன் அண்டு லீ கல்லூரி கறுப்பர் ஆடினால் நாங்கள் ஆட மாட்டோம் என்றது. ரட்கர்ஸ் பணிந்தது, அவரை உட்காரவைத்தது. விதிகளுக்கு நடந்த பேரத்தைப் பற்றி இவ்வளவு புகழ்ந்து எழுதினேன். ஒரு மனிதனை வெளியே வைக்கவும் இதே மேஜையில்தான் பேசினார்கள். அது என் கட்சியின் பெருமையைக் குறைக்கிறது, குறைக்கத்தான் வேண்டும்.

1918இல் வால்டர் கேம்ப் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர்களைப் பொறுக்கிப் போடும் தன் அகில அமெரிக்க அணியில் ராப்சனைச் சேர்த்தார். சிறந்த ஆட்டக்காரர்களைப் போற்றும் மண்டபமான கல்லூரி ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் ஏறியது 1995இல். அவர் 1976லேயே இறந்துவிட்டார். ரட்கர்ஸ் வளாகத்தில் அவர் பெயரில் சதுக்கம் அமைந்தது 2019இல், அவர் பட்டம் பெற்று நூறு வருடம் கழித்து.

அக்டோபர் 18, இன்னொரு வரி

அந்த ஹால் ஆஃப் ஃபேமே நியூ பிரன்ஸ்விக் பக்கம் வந்திருக்க வேண்டியது. பிறந்த இடம் என்பதால் அங்கேதான் கட்டத் திட்டமிட்டார்கள். பணம் சேரவில்லை. ஒஹாயோ போய், இண்டியானா போய், 2014இல் அட்லாண்டாவில் போய் உட்கார்ந்திருக்கிறது.

அக்டோபர் 21

நவம்பரில் நியூ ஜெர்சி வருகிறேன், எதைப் பார்க்கலாம் என்று முதலில் கேள்வி கேட்ட நண்பரே கேட்டிருக்கிறார். எழுதிக்கொள்ளுங்கள்.

நியூ பிரன்ஸ்விக் ரயில் நிலையத்தில் இறங்கினால் காலேஜ் அவென்யூ நடக்கிற தூரம். ஜிம்னேசியம் இருக்கும் இடம்தான் பழைய திடல். ராப்சன் சதுக்கமும் அந்தப் பக்கமே. வில்லோ குரோவ் கல்லறைத் தோட்டம் ஊருக்குள், பொது நூலகத்துக்குப் பக்கத்தில். ஸ்டேடியம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், முதல் ஆட்டத்தை நினைவுகூரும் வெண்கலச் சிலை அங்கே இருக்கிறது. ஆட்ட நாளில் போனால் காரை எடுத்துப் போகாதீர்கள், பஸ் நல்லது. பிரின்ஸ்டனும் பார்க்க வேண்டுமானால் அதே ரயில் பாதையில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் இறங்கி, டிங்கி என்று சொல்லும் குட்டி ரயிலில் மாறினால் வளாகத்துக்கே கொண்டுபோய் விடும். பெரிய பீரங்கி, வளாகத்தில் நாஸாவ் ஹால் என்ற பழைய கட்டடத்துக்குப் பின்னால் புதைந்திருக்கிறது. சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் ரொம்ப நேரம் நிற்காதீர்கள். ரட்கர்ஸ் பையன்கள் அவ்வப்போது ராத்திரியில் வந்து அதற்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுப் போவது வழக்கம்.